மிரர் சர்வருக்கு எந்த ஒத்திசைவுக் கருவி? வாசகர் கேள்வி – பதில்

பேக்கேஜ் (நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்பு) களஞ்சியங்களை உள்ளூர் சர்வரில் பிரதியெடுத்து வைப்பது, அதாவது மிரர் நடத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில் தருகிறோம்.

கேள்வி: ஆய்வகத்தில் 120 கணினிகள். பாதி டெபியன், பாதி ஃபெடோரா லினக்ஸ். உள்ளேயே ஒரு மிரர் வைக்கலாம் என்று முடிவு செய்தோம். ஒருவர் ஆர்சிங்க் போதும் என்கிறார், ஒருவர் ஆர்க்ளோன் என்கிறார், இன்னொருவர் சிங்க்திங் போட்டால் கையை வைக்கவே வேண்டாம் என்கிறார். எதை எடுப்பது?

பதில்: வேகத்தை ஒப்பிட்டுத் தேர்வு செய்யாதீர்கள். எது எப்போது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற வரிசை உங்கள் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். புகைப்படக் கோப்புறையில் நூறில் மூன்று படம் இன்னும் வந்து சேரவில்லை என்றால் மற்ற தொண்ணூற்றேழுக்கு ஒன்றும் ஆகாது. பேக்கேஜ் களஞ்சியம் அப்படிப்பட்டதில்லை. டெபியனை எடுத்துக்கொண்டால், ‘பேக்கேஜஸ்’ அட்டவணையில் ஒவ்வொரு பேக்கேஜின் அளவும் ஹேஷும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்புக் குறி) இருக்கும். அந்த அட்டவணையின் ஹேஷ், கையொப்பமிட்ட ‘இன்ரிலீஸ்’ கோப்பில் இருக்கும். ஒன்று மற்றொன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. புது அட்டவணை வந்துவிட்டது, அது சொல்லும் பேக்கேஜ் வரவில்லை என்றால் பயனருக்கு 404, அதாவது கோப்பு இல்லை என்ற பிழை. புது இன்ரிலீஸ் வந்து பழைய அட்டவணை அங்கேயே இருந்தால் ‘ஹேஷ் சம் மிஸ்மேட்ச்’, அதாவது ஹேஷ் பொருந்தவில்லை என்ற பிழை.

ஆகவே முதலில் பேக்கேஜ்கள், அடுத்து அட்டவணைகள், எல்லாம் முடிந்த பிறகு பழையவற்றை அழிப்பது. இந்த மூன்றையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்த ஆர்சிங்கில் ஆப்ஷன்கள் இருக்கின்றன. பெரிய விநியோகங்கள் பலவும் மிரர் நடத்துபவர்களுக்காக ஆர்சிங்க் சேவையைத் திறந்து வைத்திருக்கின்றன. உங்கள் ஆய்வகத்துக்கு அதுதான் சரி.

சிங்க்திங் இரு பக்கமும் மாறும் கோப்புகளுக்காகச் செய்யப்பட்டது. ஒரு வழியாக மட்டும் வாங்கும் முறை அதில் உண்டுதான். ஆனால் எந்தக் கோப்பு முதலில் வெளியே தெரிய வேண்டும் என்ற அட்டவணை–பேக்கேஜ் வரிசையை அது அறியாது. ஹார்ட்லிங்க்குகளையும் (ஒரே கோப்புக்கு உள்ள பல பெயர்கள்) தனித்தனிக் கோப்புகளாகவே எடுத்துக்கொள்ளும். மறுமுனையிலும் சிங்க்திங் ஓட வேண்டும் என்பதால், பொது மிரர்களிடமிருந்து இழுக்க அது எப்படியும் உதவாது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆர்சிங்கின் புகழே, மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் அதன் நுட்பத்தால் வந்தது. ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கரஸும் 1996இல் அதை வெளியிட்டபோது அதுதான் புதுமை. பேக்கேஜ் மிரரில் அந்த நுட்பம் அநேகமாக வேலையே செய்வதில்லை. புதுப் பதிப்பு புதுப் பெயரில் வருகிறது, ஒப்பிடப் பழைய கோப்பு கிடையாது. உள்ளே இருப்பதும் ஏற்கெனவே சுருக்கப்பட்ட தரவு. இதே காரணத்தால் ‘இசட்’ என்ற சுருக்கும் ஆப்ஷனையும் போடாதீர்கள். இரு பக்கமும் பிராசஸர் வீணாகச் சூடாகும், ஒரு மெகாபைட்கூட மிச்சமாகாது.

கேள்வி: சரி, ஆர்சிங்க். எந்த ஆப்ஷன்கள்? ‘ஏ’ போட்டால் எல்லாம் வந்துவிடும் என்று படித்தேன்.

பதில்: ‘ஏ’ போட்டால் உரிமையாளர், குழு, சாதனக் கோப்புகளும் சேர்ந்து வரும். மூல சர்வரின் பயனர் எண்கள் உங்கள் சர்வருக்கு வேண்டாம். அதற்குப் பதில் ஆர், எல், பி, டி, பெரிய ஹெச் ஆகிய ஐந்து எழுத்துகளைத் தனியாகக் கொடுங்கள். உட்கோப்புறைகள், சிம்லிங்க்குகள் (வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழிகள்), அனுமதிகள், நேரம், ஹார்ட்லிங்க்குகள் என்று வேண்டியது மட்டும் வரும். ‘டி’யை விட்டுவிட்டால் பெரிய வினை. அளவும் கடைசியாக மாறிய நேரமும் ஒன்றாக இருந்தால் கோப்பு மாறவில்லை என்று ஆர்சிங்க் எடுத்துக்கொள்கிறது. நேரம் பதிவாகாவிட்டால் ஒவ்வொரு முறையும் எல்லாக் கோப்புகளும் மாறியவையாகத் தெரியும்.

இவற்றோடு ‘டிலே-அப்டேட்ஸ்’ போடுங்கள். வரும் கோப்புகளை ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் ‘.~டெம்ப்~’ என்ற மறைவிடத்தில் வைத்திருந்து, கடைசியில் மொத்தமாகப் பெயர் மாற்றும். ஓட்டம் நடுவில் அறுந்தால் அடுத்த முறை அங்கிருந்தே தொடரும். மாறிய கோப்புகள் அத்தனைக்கும் கூடுதல் டிஸ்க் இடம் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். உங்களிடமிருந்து வேறொருவர் ஆர்சிங்கில் இழுக்கிறார் என்றால், அந்த மறைவிடத்தை உங்கள் சர்வர் பக்கமே விலக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பாதி வந்த கோப்புகள் அவருக்கும் போய்ச் சேரும்.

அழிப்பதற்கு வெறும் ‘டெலீட்’ போதாது. பழைய அட்டவணையை வைத்துக்கொண்டு பயனர் ஒருவர் இறக்கிக்கொண்டிருக்கும்போதே பேக்கேஜ் காணாமல் போகும். ‘டெலீட்-டிலே’ எதை அழிப்பது என்று ஓட்டத்தின்போதே குறித்துவைத்து, முடிந்த பிறகு அழிக்கும். ‘டெலீட்-ஆஃப்டர்’ செய்வதும் அதேதான். ஆனால் அது முழுக் கோப்புப் பட்டியலையும் ஒரே நேரத்தில் நினைவகத்தில் ஏற்றச் சொல்லும். 3.0 பதிப்பிலிருந்து ஆர்சிங்க் பட்டியலைத் துண்டு துண்டாகப் படிக்கிறது, அந்த வசதி போய்விடும். கோப்பு ஒன்றுக்கு ஏறக்குறைய 100 பைட் என்று கணக்குப் போட்டால், 20 லட்சம் கோப்புகளுக்கு 200 மெகாபைட் ஆகிறது.

‘இன்ப்ளேஸ்’ வேண்டவே வேண்டாம். பயனர் படித்துக்கொண்டிருக்கும் கோப்பிலேயே எழுதும். ‘செக்சம்’ தினசரி ஓட்டத்துக்கு ஆகாது. இரு பக்கமும் ஒவ்வொரு பைட்டையும் டிஸ்க்கிலிருந்து படிக்க வைக்கும். பல பொது மிரர்கள் அந்த ஆப்ஷனை நேரடியாக மறுத்துவிடுகின்றன. டிஸ்க் பழுதைச் சந்தேகித்தால், உள்ளூரில் அட்டவணையின் ஹேஷ்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூல சர்வரைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை.

மிச்சம்: ‘சேஃப்-லிங்க்ஸ்’, கோப்புறைக்கு வெளியே காட்டும் சிம்லிங்க்குகளைத் தடுக்க. ‘டைம்அவுட்’ 600 வினாடி, ‘கான்டைம்அவுட்’ 60 வினாடி. முந்தைய ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காதிருக்க ‘எஃப்லாக்’. குறித்த நேரத்தில் ஓட்டும் க்ரானில் 0 நிமிடத்தை விட்டு வேறு ஏதாவது நிமிடம் குறியுங்கள். மணி அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் மூல சர்வர் மேல் விழுந்தால் எல்லோருக்குமே தாமதம்.

கேள்வி: டிலே-அப்டேட்ஸ், டெலீட்-டிலே இரண்டும் போட்டிருக்கிறேன். ஆனாலும் டெபியன் கணினிகளில் எப்போதாவது ஹேஷ் சம் மிஸ்மேட்ச் வருகிறது.

பதில்: இரண்டு காரணங்கள் இருக்கலாம், இரண்டையும் பாருங்கள்.

ஆர்சிங்க் பட்டியலை அகர வரிசையில் நடத்திச் செல்கிறது. டெபியனில் அட்டவணைகள் ‘டிஸ்ட்ஸ்’ கோப்புறையில், பேக்கேஜ்கள் ‘பூல்’ கோப்புறையில். ஆங்கில வரிசையில் டிஸ்ட்ஸ்தான் முன்னால் நிற்கிறது! வேண்டியதற்கு நேர்மாறான வரிசை. அதனால்தான் டெபியன் இரண்டு கட்டமாக ஓட்டச் சொல்கிறது. முதல் கட்டத்தில் பேக்கேஜஸ், சோர்சஸ், ரிலீஸ், இன்ரிலீஸ் என்று தொடங்கும் கோப்புகளை விலக்கி, எதையும் அழிக்காமல் மற்றவற்றை இழுக்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில் எல்லாவற்றையும் இழுத்து, கடைசியில் அழிக்க வேண்டும். ‘பை-ஹேஷ்’ கோப்புறைகள் மட்டும் முதல் கட்டத்திலேயே வந்துவிடட்டும். அவற்றில் அட்டவணைகள் தங்கள் ஹேஷையே பெயராகக் கொண்டு கிடப்பதால் பழையதும் புதியதும் மோதிக்கொள்ளாது. பழைய இன்ரிலீஸை வைத்திருக்கும் கணினிக்கும் அதற்குரிய அட்டவணை கிடைக்கும்.

இரண்டாவது காரணம், நீங்கள் இழுக்கும் நேரத்திலேயே மூல சர்வர் மாறுவது. டெபியன் களஞ்சியம் ஒரு நாளைக்கு நான்கு முறை புதுப்பிக்கப்படுகிறது. நீங்கள் இழுக்கும் மிரரும் பாதி வேலையில் இருக்கலாம். அப்படி இருக்கும்போது அதன் மேல்கோப்புறையில் ‘ஆர்க்கைவ்-அப்டேட்-இன்-ப்ராக்ரஸ்’ என்று தொடங்கும் கோப்பு ஒன்று நிற்கும். அதைக் கண்டால் காத்திருங்கள். ‘ப்ராஜெக்ட்/ட்ரேஸ்’ கோப்புறையில் உள்ள கோப்பைத் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்து ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் இரண்டு கட்டத்தையும் இன்னொரு முறை ஓட்டுங்கள்.

இதையெல்லாம் கையால் எழுத வேண்டியதில்லை. டெபியனே தரும் ‘எஃப்டிபிசிங்க்’ ஸ்கிரிப்ட் இவ்வளவையும் செய்கிறது. பெயரில் எஃப்டிபி இருந்தாலும் உள்ளே ஓடுவது ஆர்சிங்க்தான். சொந்த ஸ்கிரிப்ட் எழுதும் ஆசையை டெபியன் விஷயத்தில் மட்டும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஃபெடோராவில் எதுவுமே மாறாத நாளிலும் ஆர்சிங்க் வெகுநேரம் பட்டியலை மட்டும் படித்துக்கொண்டிருக்கிறது. டிஸ்க்கும் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் நிறைகிறது.

பதில்: மாறியதா என்று தெரிந்துகொள்ளவே இரு பக்கமும் ஒவ்வொரு கோப்பையும் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. கோப்பு எண்ணிக்கை லட்சக்கணக்கில் போனால் நேரமெல்லாம் அதிலேயே கரைகிறது. இதற்காகவே ஃபெடோரா தன் களஞ்சியத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ‘ஃபுல்ஃபைல்டைம்லிஸ்ட்’ என்ற பட்டியலை வெளியிடுகிறது. ‘குவிக்-ஃபெடோரா-மிரர்’ ஸ்கிரிப்ட் அந்தப் பட்டியலை மட்டும் இறக்கி, போன ஓட்டத்துக்குப் பிறகு மாறியவற்றைக் கண்டுபிடித்து, அவற்றின் பெயர்களை மட்டும் ஆர்சிங்கிடம் கொடுக்கும். அழிக்க வேண்டியதையும் பட்டியலை வைத்தே முடிவு செய்யும். அது இசட்-ஷெல்லில் எழுதப்பட்டது. உங்கள் சர்வரில் அந்த ஷெல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்ச் லினக்ஸில் இதைவிட எளிது. ‘லாஸ்ட்அப்டேட்’ என்ற சிறு கோப்பை எடுத்து உங்களிடம் இருப்பதோடு ஒப்பிட்டு, மாறவில்லை என்றால் முழு ஓட்டத்தையே விட்டுவிடலாம்.

டிஸ்க் நிறைவதற்குக் காரணம் பெரும்பாலும் ஹார்ட்லிங்க். ஒரே ஆர்பிஎம் (ஃபெடோராவின் பேக்கேஜ் வடிவம்) கோப்பு ஃபெடோரா களஞ்சியத்தில் பல இடங்களில் லிங்க்காக இருக்கிறது. பெரிய ஹெச் இல்லாமல் இழுத்தால் ஒவ்வொன்றும் தனிப் பிரதியாக விழும். ஹெச் போட்டிருந்தாலும், லிங்க்கின் இரு முனையும் ஒரே ஓட்டத்துக்குள் வந்தால்தான் ஆர்சிங்கால் அதைக் கண்டுகொள்ள முடியும். பகுதி பகுதியாகத் தனித்தனி ஓட்டங்களில் இழுக்கிறவர்களுக்கு இதனால்தான் இடம் போகிறது. ஒரே ஓட்டம் என்றாலும், துண்டு துண்டாகப் பட்டியல் படிக்கும் முறையில் சில கோப்புகள் தேவையில்லாமல் மறுபடி இறங்கலாம். நினைவகம் தாராளமாக இருந்தால் முதல் ஓட்டத்தை மட்டும் ‘நோ-இன்க்-ரிகர்சிவ்’ போட்டு நடத்துங்கள்.

கேள்வி: எங்களுக்கு ஒரே கட்டமைப்பு (பிராசஸர் வகை), ஒரே வெளியீடு போதும். முழு மிரர் எதற்கு?

பதில்: வேண்டாம்தான். டெபியனுக்கு ‘டெப்மிரர்’ எடுங்கள். கட்டமைப்பு, வெளியீடு, பிரிவு என்று நீங்கள் சொன்னதை மட்டும் இழுக்கும். அட்டவணைகளை முதலில் தற்காலிக இடத்தில் இறக்கிக் கையொப்பத்தைச் சரிபார்த்து, பேக்கேஜ்கள் வந்து சேர்ந்த பிறகே அவற்றை இடம் மாற்றும். ரிலீஸ் கோப்பை அது தொடுவதில்லை, ஆகவே டெபியனின் கையொப்பம் அப்படியே செல்லும். ‘ஆப்ட்-மிரர்’ எடுத்தீர்களானால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பழையவற்றை அது தானாக அழிக்காது. ‘க்ளீன்’ என்ற ஸ்கிரிப்டை எழுதி வைத்துவிட்டுப் போகும், அதை நீங்கள்தான் ஓட்ட வேண்டும்.

ஆர்பிஎம் பக்கம் ‘டிஎன்எஃப் ரெப்போசிங்க்’ இருக்கிறது. ‘நியூவெஸ்ட்-ஒன்லி’யும் ‘டவுன்லோட்-மெட்டாடேட்டா’வும் ஒன்றாகப் போட்டால் ஒரு பொறி காத்திருக்கிறது. மூல மெட்டாடேட்டா (களஞ்சியத்தின் அட்டவணைகள்) பழைய பதிப்புகளையும் சொல்லும், அவை உங்களிடம் இருக்காது, 404 வரும். புதியவை மட்டும் வேண்டுமென்றால் மெட்டாடேட்டாவை ‘க்ரியேட்ரெப்போ-சி’ வைத்து நீங்களே உருவாக்குங்கள். அப்போது மெட்டாடேட்டாவில் மூலக் கையொப்பம் இருக்காது. ஒவ்வொரு ஆர்பிஎம்மின் சொந்தக் கையொப்பம் மட்டும் எப்போதும்போல் செல்லும்.

பத்து இருபது கணினிகள்தான் என்றால் மிரரே தேவையில்லை. ‘ஆப்ட்-கேச்சர்-என்ஜி’ போன்ற இடைச் சேமிப்பு, யாராவது ஒருவர் கேட்ட பேக்கேஜை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்தவருக்குத் தரும். 3142 போர்ட்டில் நிற்கும். பயனர் கணினியில் ப்ராக்ஸி வரி ஒன்று எழுதினால் முடிந்தது. ஹெச்டிடிபிஎஸ் முகவரிகளை அதனால் நடுவில் நின்று படிக்க முடியாது, சாதாரண ஹெச்டிடிபி முகவரியாகக் கொடுங்கள். பேக்கேஜின் நம்பகத்தன்மை கையொப்பத்தில் இருப்பதால் அதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: நாங்களே உருவாக்கும் பேக்கேஜ்களை ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (மேகச் சேமிப்பகம்) வைத்துத் தருகிறோம். அங்கும் ஆர்சிங்கா?

பதில்: இல்லை, இங்கே ஆர்க்ளோனுக்கு இடம் கொடுக்க வேண்டும். ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் கோப்புறை, சிம்லிங்க், ஹார்ட்லிங்க் எதுவும் உண்மையில் கிடையாது. மறைவிடத்தில் வைத்திருந்து ஒரு நொடியில் பெயர் மாற்றுவதும் நடக்காது. ஆகவே வரிசையை நீங்களே மூன்று கட்டளைகளாகப் பிரித்து எழுதுங்கள். முதலில் ‘காப்பி’யால் பேக்கேஜ்களும் ஹேஷ் பெயர் கொண்ட அட்டவணைகளும். அடுத்து இன்ரிலீஸ், ஆர்பிஎம் என்றால் ‘ரெப்போஎம்டி’ கோப்பு. கடைசியில் ‘சிங்க்’, அது மட்டுமே அழிக்கட்டும். அந்த மூன்றாவதை ஒரு நாள் தள்ளிப் போட்டாலும் நல்லதே. ஏற்கெனவே பழைய அட்டவணை வாங்கிய கணினிகள் தடையின்றி வேலையை முடிக்கும்.

‘சைஸ்-ஒன்லி’ வேகமாகத் தெரியும். பேக்கேஜ்களுக்குப் பாதகமில்லை. இன்ரிலீஸ் கோப்புக்கு அதைப் போட்டால், உள்ளே தேதியும் ஹேஷும் மாறியும் அளவு அதே பைட்டாக இருக்கக்கூடும். கோப்பு ஏறவே ஏறாது, பிழைச் செய்தியும் வராது. அட்டவணைகளுக்கு எப்போதும் ‘செக்சம்’ போடுங்கள். இங்கே அதில் செலவில்லை, சேமிப்பகமே பெரும்பாலும் ஹேஷை வைத்திருக்கும். இன்னொன்று, ஆர்க்ளோன் சிம்லிங்க்குகளைச் சொல்லாமல் கொடுத்தால் தவிர்த்துவிடும். ‘காப்பி-லிங்க்ஸ்’ போட்டால் உள்ளடக்கத்தை முழுப் பிரதியாக ஏற்றும். முன்னால் சிடிஎன் (பல இடங்களில் நகல் வைத்துத் தரும் வலையமைப்பு) இருந்தால் இன்ரிலீஸ், ரெப்போஎம்டி இரண்டுக்கும் சேமிப்பு நேரத்தைச் சில நிமிடங்களாக வையுங்கள். பேக்கேஜ்களுக்கு மாதக்கணக்கில் வைக்கலாம்.

கேள்வி: எங்களுடைய இரண்டு சர்வர்களுக்கிடையே மாற்றம் நடந்த உடனே போய்ச் சேர வேண்டும். எல்சிங்க்டி சரியா?

பதில்: எல்சிங்க்டி, கோப்பு மாறியதாகக் கர்னல் சொன்னதும் அந்த இடத்துக்கு மட்டும் ஆர்சிங்கை ஓட்டுகிறது. மாறிய வரிசையில் போவதால், பாதி முடிந்த களஞ்சியமும் உடனே மறுபக்கம் தெரிந்துவிடும். கோப்புறை ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்காணிப்பு வேண்டும் என்பதால் பெரிய ‘பூல்’ அமைப்பில் கர்னல் வரம்பும் இடிக்கும். அதைவிட, களஞ்சியத்தைப் புதுப்பிக்கும் ஸ்கிரிப்டின் கடைசி வரியில் எஸ்எஸ்ஹெச் வழியாக மறு சர்வரைத் தட்டி எழுப்புங்கள். டெபியன் மிரர்கள் தங்களுக்குள் செய்வது இதைத்தான். இரண்டிலும் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை இருந்தால் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்து, முந்தையதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் ‘சென்ட்’ செய்யலாம். கோப்புப் பட்டியல் படிக்கும் வேலையே இல்லை, லட்சக்கணக்கான கோப்பு இருந்தாலும் மாறிய தொகுதிகள்தான் போகும். பெறும் பக்கத்தை ‘ரீட்ஒன்லி’ ஆக்கிவிடுங்கள். அங்கே ஏதாவது மாறியிருந்தால் அடுத்த வரவு மறுக்கப்படும்.

கேள்வி: ஒரு காலையில் மிரர் முழுவதும் காலி. லாகில் பிழை எதுவும் இல்லை. எப்படி?

பதில்: மூல சர்வரில் டிஸ்க் மவுன்ட் ஆகாமல் வெறும் கோப்புறை மட்டும் இருந்திருக்கும். ஆர்சிங்க் பார்வையில் அது ஒரு செல்லுபடியான காலிக் களஞ்சியம். சொன்னபடி அழித்துவிட்டது. ‘மேக்ஸ்-டெலீட்’ போட்டிருந்தால் அந்த எண்ணிக்கையோடு நின்று, 25 என்ற முடிவுக் குறியோடு வெளியேறியிருக்கும். எஃப்டிபிசிங்க் வைத்திருக்கும் வரம்பு 40000. சிறு களஞ்சியத்துக்கு அது மிக அதிகம். ஒரு வாரம் லாகில் எத்தனை அழிகிறது என்று பார்த்து, அதன் மூன்று நான்கு மடங்கு வையுங்கள். அழிப்பதற்கு முன் இன்ரிலீஸ் கோப்பு மூலத்தில் இருக்கிறதா என்ற சோதனையும் ஸ்கிரிப்டில் இருக்கட்டும்.

முடிவுக் குறிகளைப் பார்க்காமல் விடுவதுதான் அடிப்படைத் தவறு. 24 என்றால் பட்டியல் எடுத்த பிறகு மூலத்தில் கோப்பு மறைந்தது. வேறிடத்தில் அலட்சியம் செய்யலாம், மிரரில் அது நடுவே மூலம் மாறியதற்கான அடையாளம், மறுபடி ஓட்டுங்கள். 23 என்றால் சில கோப்புகள் வரவில்லை. 30 என்றால் நேரம் கடந்து அறுந்தது. முதல் கட்டம் 0 தராமல் இரண்டாம் கட்டத்துக்குப் போகக் கூடாது. மூலப் பக்கம் படிப்பதில் பிழை வந்தால் ஆர்சிங்க் தானே அழிப்பதை நிறுத்திக்கொள்கிறது. ‘இக்னோர்-எரர்ஸ்’ போட்டு அந்தக் காவலை அகற்றாதீர்கள்.

கேள்வி: புதுப்பித்தது கோளாறாகிவிட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்ப வழி உண்டா?

பதில்: ‘லிங்க்-டெஸ்ட்’ ஆப்ஷனோடு தேதி பெயரிட்ட புதுக் கோப்புறைக்குள் இழுங்கள். மாறாத கோப்புகள் நேற்றைய பிரதிக்கு ஹார்ட்லிங்க் ஆகும், மாறியவை மட்டும் இடம் பிடிக்கும். வெப் சர்வர் ‘கரன்ட்’ என்ற சிம்லிங்க்கைப் படிக்கட்டும். மாற்றும்போது ‘எல்என்’னுக்கு ‘எஸ்எஃப்என்’ கொடுத்தால், அதன் சில பதிப்புகளில் பழைய லிங்க் அழிந்து புதியது வரும்வரை ஒரு சிறு இடைவெளி இருக்கலாம். புது லிங்க்கை வேறு பெயரில் உருவாக்கி, ‘எம்வி’யில் பெரிய ‘டி’ போட்டுப் பெயர் மாற்றினால் அந்த இடைவெளியும் இராது.

கேள்வி: பைத்தான் பேக்கேஜ் களஞ்சியமான பைபிஐயை ஆர்சிங்கில் இழுக்க முடியவில்லையே?

பதில்: பைபிஐ ஆர்சிங்க் தருவதில்லை. ‘பேண்டர்ஸ்நாட்ச்’ பயன்படுத்துங்கள். கடைசியாகப் பார்த்த வரிசை எண்ணிலிருந்து மாறிய திட்டங்களை மட்டும் எடுக்கும். அனுமதிப் பட்டியல் வடிகட்டியை முதல் ஓட்டத்துக்கு முன்பே எழுதிவிடுங்கள். முழுவதையும் இழுத்தால் சாதாரண சர்வரின் டிஸ்க் தாங்காது.

கேள்வி: ஆர்சிங்க் சேவையின் 873 போர்ட்டைத் திறந்து மற்றவர்களுக்கும் மிரர் தர நினைக்கிறோம். கவனிக்க வேண்டியவை?

பதில்: முதலில் பதிப்பு. ஆர்சிங்க் 3.2.7 முதல் 3.3.0 வரை, அனுமதியின்றிப் படிக்க மட்டும் வருபவரே சர்வரில் புகக்கூடிய நினைவக ஓட்டை இருந்தது. 2025 ஜனவரியில் வெளியான 3.4.0 அதை அடைத்தது. விநியோகங்கள் பழைய எண்ணிலேயே திருத்தத்தைச் சேர்த்திருக்கலாம், எனவே எண்ணை மட்டும் பார்க்காமல் பேக்கேஜின் மாற்றக் குறிப்பைப் படியுங்கள். அமைப்புக் கோப்பில் ‘ரீட் ஒன்லி’, ‘யூஸ் க்ரூட்’, ‘மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ்’ மூன்றும் இருக்க வேண்டும். ‘ரெஃப்யூஸ் ஆப்ஷன்ஸ்’ வரியில் செக்சமைச் சேருங்கள். 873 வழியே போவது எதுவும் மறையாக்கம் ஆவதில்லை. பேக்கேஜுக்குக் கையொப்பம் இருக்கிறது, ஆனால் நீங்கள் இழுக்கும் பக்கத்திலும் ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் இன்ரிலீஸின் கையொப்பத்தை ‘ஜிபிஜிவி’யால் சரிபாருங்கள். அதில் உள்ள ‘வாலிட்-அன்டில்’ தேதி கடந்திருந்தால், உங்கள் மூல மிரர் நின்றுபோய்ச் சில நாளாகிறது என்று அர்த்தம்.